பிளாக் செய்தாலும் அடங்காத ஸ்பேம் மெயில்: எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம்

மார்த்தாண்டத்தில் என் சர்வீஸ் கடைக்கு வந்து “அண்ணே, இந்த மெயில் சவத்தை ஒண்ணு நிறுத்தித் தாருங்க” என்று போனை நீட்டுகிறவர்கள் எல்லாருமே பிளாக் பட்டனை அமுக்கி அமுக்கிச் சலித்துப்போனவர்கள்தான். பிளாக் என்பது ஒரே ஒரு வகைக்குத்தான் கேட்கும், அதாவது ஒரே முகவரியிலிருந்து திரும்பத் திரும்ப வருகிற மெயிலுக்கு. மற்றதற்கெல்லாம் வேறு வேறு வைத்தியம், சிலவற்றில் தப்பான பட்டனை அமுக்கினால் மெயில் கூடவே செய்யும். ஆகவே உங்களுக்கு வருவது எந்த ரகம் என்று பார்த்துவிட்டு, கீழே அந்த இடத்துக்கு மட்டும் போங்கள், முழுக்கப் படிக்க வேண்டிய அவசியமில்லை. நம்ம பக்கம் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு போனும் ஜிமெயிலும்தான், அதை வைத்தே சொல்கிறேன். அவுட்லுக்கிலும் யாகூவிலும் பட்டன் இருக்கும் இடம்தான் மாறும், சங்கதி ஒன்றுதான்.

எந்த ரகமானாலும் முதல் சோலி ஒன்று உண்டு. மெயிலைத் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே ‘டு மீ’ என்று இருக்கும் இடத்தைத் தொடுங்கள், உண்மையான முகவரி விரியும். மேலே கொட்டை எழுத்தில் தெரியும் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வங்கி பெயரையும் வைக்கலாம், உங்கள் பெயரையே கூட வைக்கலாம். நமக்கு வேண்டியது அட் குறிக்குப் பின்னால் இருப்பது, அதையும் வலது கடைசியிலிருந்து இடது பக்கமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுக்காரன் நல்ல பெயரை எப்போதும் முன்னால்தான் கொண்டுவந்து வைப்பான்.

“பிளாக் பண்ணினாலும் அதே மாதிரி மெயில் வேற பேர்ல வருது”

இதுதான் அதிகம் வருகிற புகார். காரணம் எளிது: பிளாக் செய்யும்போது ஜிமெயில் அந்த ஒரு முகவரியை மட்டும்தான் குறித்துக்கொள்ளும். அனுப்புகிறவனோ ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகவரியைக் கம்ப்யூட்டரை வைத்தே உண்டாக்கி அனுப்புகிறான். அப்புறம், பிளாக் செய்தால் மெயில் வருவதே நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிற்காது. அது ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழும், 30 நாளில் தானாக அழியும், அவ்வளவுதான்.

இந்த ரகத்துக்கு மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ கொடுப்பதுதான் சரி. அது முகவரியை மட்டும் பார்ப்பதில்லை, மெயிலின் அமைப்பு, உள்ளே இருக்கும் லிங்க், வந்த வழி எல்லாவற்றையும் வடிகட்டிக்குப் பாடமாகக் கொடுக்கிறது. சும்மா டெலீட் செய்தால் இது எதுவும் நடக்காது. பலரும் வருடக்கணக்காக டெலீட் மட்டும் செய்துகொண்டிருக்கிறார்கள், ஜிமெயிலோ நீங்கள் படித்து முடித்து அழித்ததாகவே எடுத்துக்கொள்கிறது.

ரிப்போர்ட் செய்தும் அடங்காவிட்டால் ஃபில்ட்டர் போட வேண்டும், அதாவது இப்படிப்பட்ட மெயில் வந்தால் இப்படிச் செய் என்று ஜிமெயிலுக்கு நாமே எழுதி வைக்கும் விதி. இது ஜிமெயில் ஆப்பில் முடியாது, கம்ப்யூட்டரில் பிரவுசர் வழியாகத்தான். வெளியே பிரவுசிங் சென்டரில் செய்வதானால் இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்து, முடித்ததும் லாக் அவுட் செய்துவிட்டு எழும்புங்கள். மேலே தேடும் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும், அதை அமுக்கினால் ஒரு படிவம் விரியும். வந்த மெயில்களில் நாலைந்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அட் குறிக்குப் பின்னால் வருவது ஒன்றாகவே இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அட் குறியோடு ‘ஃப்ரம்’ கட்டத்தில் போடுங்கள். அது மாறிக்கொண்டே இருந்து, தலைப்பிலோ உள்ளேயோ ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வாசகத்தை மேற்கோள் குறிக்குள் ‘ஹேஸ் த வேர்ட்ஸ்’ கட்டத்தில் போடுங்கள். பிறகு ‘கிரியேட் ஃபில்ட்டர்’.

அடுத்த பக்கத்தில் உடனே ‘டெலீட் இட்’ டிக் அடிக்கக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். ஒரு வாரத்துக்கு ‘ஸ்கிப் த இன்பாக்ஸ்’ போட்டு, தனியாக ஒரு லேபிளுக்குள் (பெயர் போட்ட தனிப் பெட்டி மாதிரி) விழ வையுங்கள், நல்ல மெயில் எதுவும் அதில் மாட்டவில்லை என்று தெரிந்த பிறகு டெலீட்டுக்கு மாற்றுங்கள். ‘லோன்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் ஃபில்ட்டரில் போட்டால், வீட்டுக் கடன் தவணை பற்றி வங்கி அனுப்பும் மெயிலும் சேர்ந்து போய்விடும். அட் ஜிமெயில் டாட் காம் என்று போட்டால் சொந்தக்காரர் பாதிப் பேருடைய மெயில் காலி.

“ஒரே கம்பெனிதான், தினமும் விளம்பரம்”

இது நிஜமான கம்பெனி, பெரும்பாலும் நீங்களே எப்போதோ முகவரி கொடுத்த இடம்: வேலை தேடும் தளம், திருமணத் தகவல் மையம், துணிக்கடை, கோச்சிங் கிளாஸ். இதற்கு அன்சப்ஸ்கிரைப் தாராளமாகச் செய்யலாம். கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு விதிகளைக் கடுமையாக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர மெயிலில் ஒரே அமுக்கலில் விலகும் வசதி வைக்க வேண்டும், விலகியவருக்கு இரண்டு நாளுக்குள் நிறுத்த வேண்டும். அந்த வசதிதான் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலோ மூன்று புள்ளிக்குள்ளோ தெரியும் ‘அன்சப்ஸ்கிரைப்’. மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் லிங்கைத் தேடிப் போகாமல் மேலே இருப்பதையே பயன்படுத்துங்கள்.

விலகியும் வருகிறது என்றால் பெரும்பாலும் அவர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல் இருக்கும். வேலைத் தளங்களில் ‘ஜாப் அலர்ட்’ தனி, ‘ஆஃபர்’ தனி, ‘உங்கள் ப்ரொஃபைலை ஒருவர் பார்த்தார்’ தனி. அந்தத் தளத்தில் லாகின் செய்து நோட்டிஃபிகேஷன் பக்கத்தில் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அதற்கும் அடங்காதவனுக்குத்தான் பிளாக். மெயிலுக்குள் அனுப்பியவர் பெயருக்கு நேரே இருக்கும் மூன்று புள்ளியில் அது இருக்கிறது. முகவரி மாறாத ஆள் என்பதால் இங்கே அது நன்றாகவே வேலை செய்யும்.

டிஎன்டி (விளம்பரத் தொல்லை வேண்டாம் என்கிற பதிவு) பதிந்தேன், அப்படியும் மெயில் நிற்கவில்லை என்று சிலர் வருகிறார்கள். 1909-ல் பதிவது போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான். மெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

“யாரென்றே தெரியாது, ஆனால் அடியில் அன்சப்ஸ்கிரைப் இருக்கு”

தொடாதீர்கள். லாட்டரி, கிரிப்டோ, ஆண்மை மருந்து, பத்து லட்சம் லோன் ரகங்களில் அந்த லிங்க், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்குக் காட்டிக்கொடுக்கும் மணி. அமுக்கினால் உங்கள் முகவரி நல்ல விலைக்குப் போகிற பட்டியலுக்கு ஏறும். ரிப்போர்ட் ஸ்பேம், அதோடு சரி. மெயிலில் உள்ள படங்கள் வழியாகவும் திறந்து பார்த்தது தெரியவரலாம், அதனால் செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் தொட்டு, இமேஜஸ் பகுதியில் ‘ஆஸ்க் பிஃபோர் டிஸ்ப்ளேயிங்’ என்று மாற்றிவிடுங்கள்.

“ரீஃபண்ட் வந்திருக்கு, கேஒய்சி முடியப்போகுது என்று வருது”

இதைத் தொல்லை என்று ஒதுக்கக்கூடாது, இது திருட்டு. வருமான வரி ரிட்டர்ன் போடும் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் ரீஃபண்ட் மெயில் குவியும், அதில் நிஜமும் இருக்கும் என்பதுதான் சிக்கல். துறையின் தளம் ‘இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்’. வலமிருந்து படித்தால் ‘இன்’, ‘ஜிஓவி’, ‘இன்கம்டாக்ஸ்’ என்று புள்ளிகளோடு வரிசையாக வர வேண்டும். இடையில் ஹைஃபன் போட்டு இதையெல்லாம் ஒட்டவைத்து, கடைசியில் ‘டாட் காம்’ என்றோ ‘டாட் டாப்’ என்றோ முடிந்தால் கள்ளம். வருமான வரித்துறை மெயிலில் கார்டு எண்ணோ பாஸ்வேர்டோ பின் நம்பரோ கேட்காது. ரீஃபண்ட் உண்டா என்று பார்க்க வேண்டுமானால் லிங்கை விட்டுவிட்டு, நீங்களே தளத்தின் பெயரை அடித்துப் போய்ப் பாருங்கள்.

வங்கிக்கு இப்போது ஒரு நல்ல அடையாளம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் தங்கள் இணையதளத்தை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஆகவே மெயிலில் இருக்கும் லிங்கை அமுக்காமல், விரலை அதன்மேல் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், போகும் இடம் தெரியும். வங்கிப் பக்கம் என்று சொல்லிக்கொண்டு அது வேறு எதிலாவது முடிந்தால் ரிப்போர்ட் செய்துவிடுங்கள். மூன்று புள்ளிக்குள் ‘ஃபிஷிங்’ என்று தனியாக ஒன்று இருந்தால் அதையே கொடுங்கள்.

ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டீர்கள், பணமும் போய்விட்டது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு. பிறகு ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ தளத்தில் புகாரைப் பதியலாம். அதற்கு வழி தெரியாதவர்கள் நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் போலீசிடம் நேரே போங்கள்.

“கனடாவில் நர்ஸ் வேலை, கப்பலில் வேலை, ஆஃபர் லெட்டரே வந்துவிட்டது”

நம்ம மாவட்டத்துக்கென்றே அனுப்புகிற மாதிரி வரும். கருங்கல், குலசேகரம், குளச்சல் எங்கே பார்த்தாலும் வீட்டுக்கு ஒருவர் நர்சிங் படித்திருப்பார் அல்லது வளைகுடாவில் இருப்பார், வேலைத் தளங்களில் எல்லாரும் பயோடேட்டா ஏற்றியிருப்பார்கள், அங்கிருந்துதான் முகவரியை அள்ளுகிறான். பார்க்க வேண்டியது: பெரிய ஆஸ்பத்திரி பெயரில் வருகிற மெயில் வெறும் ஜிமெயில் முகவரியிலிருந்து வருகிறதா, இன்டர்வியூவே இல்லாமல் ஆஃபர் லெட்டரா, ‘விசா ப்ராசசிங்’ என்று முன்பணமா. மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், விட்டுவிடலாம். ஏஜென்ட் பெயர் இருந்தால் மத்திய அரசின் ‘இமைக்ரேட்’ தளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, அதில் தேடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் என்னவென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசுக்கே இதற்கென்று ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் சென்னையில் இருக்கிறது, அதன் அறிவிப்புகளைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இந்த ரகத்தை ‘நர்ஸ்’, ‘ஜாப்’ என்று சொல் வைத்து ஃபில்ட்டர் போட்டு அடைக்காதீர்கள். நிஜ இன்டர்வியூ மெயிலும் அதே சொல்லோடுதான் வரும்.

“நிஜ மெயில்தான் ஸ்பேமுக்குள் போகுது”

ஸ்பேம் பெட்டியை வாரம் ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும், 30 நாள் தாண்டினால் திரும்பக் கிடைக்காது. வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறவர்கள் தினமும் பார்க்கலாம். நல்ல மெயில் கிடந்தால் ‘நாட் ஸ்பேம்’ கொடுத்து, அந்த முகவரியைக் காண்டாக்டில் சேருங்கள். அப்படியும் உள்ளே போனால் அந்த முகவரிக்கு ஒரு ஃபில்ட்டர் போட்டு ‘நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்’ டிக் செய்யுங்கள்.

ஸ்பேமிலும் இல்லை, இன்பாக்ஸிலும் இல்லை என்றால் இடம் தீர்ந்திருக்கலாம். இலவசக் கணக்கில் மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். கல்யாண வீடியோ பேக்கப் ஆகி நிறைந்துவிட்டால் மெயில் உள்ளே வராமல் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும்.

“என் முகவரியிலிருந்தே எனக்கு மிரட்டல் மெயில்”

‘உன் போனை ஹேக் செய்துவிட்டேன், கேமராவில் உன்னைப் படம் பிடித்தேன், பிட்காயின் அனுப்பு’ என்று வரும். சில சமயம் உங்கள் பழைய பாஸ்வேர்டு ஒன்றையும் எழுதியிருப்பான், அதைப் பார்த்ததும் ஆள் வெலவெலத்துப் போவார். பயப்பட ஒன்றுமில்லை. அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுத முடியும், பாஸ்வேர்டு என்றைக்கோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த மொத்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து மூன்று புள்ளியில் ‘ஷோ ஒரிஜினல்’ பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரி இருக்கும், அனுப்புநர் முகவரி நிஜமா என்று சோதித்த முடிவுதான் அது, போலி என்றால் இவற்றில் ‘ஃபெயில்’ என்று தெரியும் அல்லது வரியே இருக்காது. சென்ட் பெட்டியிலும் அந்த மெயில் இல்லை என்றால் பெரும்பாலும் அவன் உங்கள் கணக்குக்குள் வரவில்லை. பதில் போடாதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்கேயாவது வைத்திருந்தால் மட்டும் இன்றைக்கே மாற்றுங்கள்.

“என் பேரில் எல்லாருக்கும் மெயில் போகுது”

இங்கேயும் சென்ட் பெட்டிதான் சாட்சி. அதில் நீங்கள் அனுப்பாத மெயில் கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் ‘யுவர் டிவைசஸ்’ திறந்து, தெரியாத போன், தெரியாத ஊர் எல்லாவற்றையும் சைன் அவுட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோடு இரண்டாவதாக ஒரு சோதனையும் கேட்பது) போடுங்கள். பெரும்பாலானவர்கள் இதோடு விட்டுவிடுகிறார்கள், அடுத்த மாதம் அதே கதை. ஏனென்றால் திருடன் போகும்போது பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறான்: ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபார்வர்டிங்’ பகுதியில் அவன் முகவரி ஒன்று உட்கார்ந்திருக்கும், உங்களுக்கு வருகிற ஒவ்வொரு மெயிலும் அவனுக்கும் போகும். ‘ஃபில்ட்டர்ஸ்’ பகுதியில், வங்கியிலிருந்து வருவதை நேரே குப்பைக்கு அனுப்பு என்று ஒரு வரி எழுதியிருப்பான். இரண்டையும் கம்ப்யூட்டரில் போய்த் திறந்து பார்த்து, நீங்கள் போடாததை எல்லாம் அழியுங்கள். மீட்புக்கான போன் எண்ணும் மாற்று மெயிலும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

“திடீரென்று நிமிஷத்துக்குப் பத்து மெயில், எல்லாம் கன்ஃபர்ம் பண்ணு என்று”

ஏதேதோ நாட்டுத் தளங்களிலிருந்து ‘உங்கள் சந்தாவை உறுதி செய்யுங்கள்’ என்று மழையாகக் கொட்டினால் அதை அழிக்க உட்காராதீர்கள், உங்களை அதிலேயே உட்கார வைப்பதுதான் நோக்கமாக இருக்கலாம். உங்கள் கார்டில் ஏதோ வாங்கிவிட்டு, அந்த வங்கி மெயில் கண்ணில் படாமல் இருக்க இப்படிச் செய்கிறார்கள். முதலில் வங்கி ஆப்பையும் கார்டு கணக்கையும் பாருங்கள். மெயிலில் உங்கள் வங்கியின் பெயர், ‘ஆர்டர்’, ‘பாஸ்வேர்ட்’ என்று தேடுங்கள். சந்தேகம் இருந்தால் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு முடக்கச் சொல்லுங்கள். அதன்பிறகு நிதானமாக ‘கன்ஃபர்ம் யுவர் சப்ஸ்கிரிப்ஷன்’ என்ற வாசகத்துக்கு ஃபில்ட்டர் போடலாம். ஓரிரு நாளில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

“வேறு ஆளுக்கு வர வேண்டிய மெயில் எனக்கு வருது”

அஜின், சுஜின், ஜெபின் என்று பெயர் வைப்பதில் நம்ம ஆட்களை மிஞ்ச முடியாது, அதனால் இந்தக் கூத்து இங்கே கொஞ்சம் அதிகம்தான். ஜிமெயில் முகவரியில் நடுவே வரும் புள்ளிக்கு மதிப்பே கிடையாது, புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டி. யாரோ தன் முகவரி என்று நினைத்து உங்களுடையதைக் கொடுத்துவிட்டார். அதில் வரும் ‘வெரிஃபை’ லிங்கை அமுக்காதீர்கள், ‘இது நான் இல்லை’ என்று லிங்க் இருந்தால் அதைக் கொடுங்கள். டிக்கெட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி அவசரமானது என்றால் அனுப்பிய இடத்துக்கு ஒரு வரி பதில் போடுவது புண்ணியம். இது ஸ்பேம் இல்லை, அதனால் ஸ்பேம் என்று ரிப்போர்ட் செய்ய வேண்டாம்.

“லாட்ஜ் வெப்சைட் மெயிலில் குப்பை கொட்டுது”

கன்னியாகுமரியில் ஹோம்ஸ்டே, லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு. சொந்த டொமைனில் (உங்கள் வெப்சைட்டின் பெயரில்) மெயில் இருந்தால், ஹோஸ்டிங்கின் சிபேனலில் (வெப்சைட்டை நிர்வகிக்கும் பக்கம்) ‘டிஃபால்ட் அட்ரஸ்’ என்று ஒன்று இருக்கும். அட் குறிக்கு முன்னால் என்ன கண்டதை எழுதினாலும் உங்களுக்கு வந்து சேரும்படி அதை வைத்திருந்தால், அதுதான் ஓட்டை, நிராகரிக்கும்படி மாற்றுங்கள். அங்கேயே ஸ்பேமை வடிகட்டும் ஸ்பேம் அசாசின் என்பதை ஆன் செய்யுங்கள். வெப்சைட்டில் மெயில் முகவரியை அப்படியே எழுதி வைக்காமல் ஒரு படிவம் வையுங்கள், அதற்கு கேப்ச்சா (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) போடுங்கள்.

ஆனால் குப்பையைவிட ஆபத்தானது வேறு. ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வரும் கார்த்திகை, மார்கழி சீசனில் ரிசப்ஷனில் இருக்கிற பையனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அப்போது புக்கிங் தளத்தின் பெயரில் ‘விருந்தினர் புகார் செய்திருக்கிறார், உடனே பதில் தரவும்’ என்று வரும். லிங்கை அமுக்கினால் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க’ விண்டோஸ் பட்டனோடு ஆர் அமுக்கு, கண்ட்ரோல் வி அமுக்கு, என்டர் தட்டு என்று சொல்லும். எந்த நல்ல தளமும் இப்படிக் கேட்காது. அந்த மூன்று அமுக்கலில் வைரஸை உங்கள் கையாலேயே கம்ப்யூட்டரில் ஓடவிடுகிறீர்கள், அதோடு புக்கிங் கணக்கின் பாஸ்வேர்டும் போகும், பிறகு உங்கள் பெயரில் விருந்தினர்களிடமே பணம் கேட்பான். ரிசப்ஷன் மேஜையில் இதை எழுதி ஒட்டி வையுங்கள்.

“கேலண்டரிலும் டிரைவிலும் வருது”

கேலண்டர் செட்டிங்ஸில் அழைப்புகளைச் சேர்ப்பது பற்றிய பகுதியில், தெரிந்தவர் அனுப்பினால் மட்டும் என்று மாற்றுங்கள். டிரைவில் தெரியாதவர் பகிர்ந்த ஃபைல் என்றால், திறக்காமல் மூன்று புள்ளியில் பிளாக். கூகுள் குரூப்ஸில் உங்களைக் கேட்காமல் சேர்த்துவிட்டால் அதன் குளோபல் செட்டிங்ஸில், நிர்வாகிகள் நேரே சேர்க்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

“மெயிலைத் திறக்காமலேயே போன் மேலே வைரஸ் வைரஸ் என்று வந்துகொண்டே இருக்கு”

இது மெயிலே இல்லை. ஏதோ சீரியல் பார்க்கும் தளத்தில் ‘அலவ்’ என்று ஒரு தடவை அமுக்கியிருப்பீர்கள், அது குரோம் வழியாக அனுப்புகிற நோட்டிஃபிகேஷன். குரோமில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போனால் தளங்களின் பட்டியல் இருக்கும், தெரியாததை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஆன்டிவைரஸ் எதுவும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.